விளையாடலாம், பகிர முடியாது

வணிக கேம்கள் லினக்ஸ் களஞ்சியங்களுக்குள் வர முடியாமல் நிற்பது ஏன்?

டெபியன் லினக்ஸ் உள்ள கணினியில் ‘சாக்லேட் டூம்’ என்று தேடி நிறுவினால், டூம் கேமை இயக்கும் நிரல் சில நொடிகளில் வந்து சேர்ந்துவிடும். கூடவே ‘ஃப்ரீடூம்’ என்ற வேறொரு கேமின் படங்களும் நிலைகளும் வரலாம். ஆனால் டூம் வராது. 1993 டிசம்பரில் உலகமே விளையாடிய அந்த அரக்கர்கள், அந்தத் துப்பாக்கிகள், முதல் நிலையில் ஒலிக்கும் அந்த இசை எதுவும் களஞ்சியத்தின் முதன்மைப் பிரிவில் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் இல்லை.

இது தொழில்நுட்பக் குறை அல்ல. டூமை எழுதிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் அதன் மூலநிரலை வெளியிட்டது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அப்போது இருந்தது. 1999-ல் அதையும் நீக்கி, யாரும் படிக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம் என்று சொல்லும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து அந்த நிரல் ஓடாத இயந்திரமே இல்லை என்னும் அளவுக்குப் பரவிவிட்டது. வெளியிட்டது நிரலை மட்டும்தான். படம், ஒலி, நிலைகளின் வரைபடம் எல்லாம் அடங்கிய ‘வாட்’ கோப்பு நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. 2009-ல் இட் சாஃப்ட்வேரை ஜெனிமேக்ஸ் வாங்கியது. 2021-ல் ஜெனிமேக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. சொத்தும் கூடவே கைமாறியது. இலவச மாதிரியாக அன்று சுற்றுக்கு விடப்பட்ட முதல் பாகத்தை நகலெடுத்துக் கொடுக்கலாம், திருத்தக் கூடாது. அதனால் அது டெபியனின் ‘நான்-ஃப்ரீ’ என்ற தனிப் பிரிவில் கிடக்கிறது.

டூமுக்கே இந்தக் கதி என்றால், மூலநிரலையே காட்டாத மற்ற வணிக கேம்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு லினக்ஸ்காரர்களின் பிடிவாதமே காரணம் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. அவர்கள் கறாராக இருப்பதால்தான் சில கேம்களாவது இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

பேக்கேஜ் செய்வது என்றால்…

ஒரு மென்பொருளை எழுதுபவர் ஒருவர். அதை டெபியன், ஃபெடோரா, ஆர்ச், ஜென்டூ போன்ற வழங்கல்களுக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்திக் களஞ்சியத்தில் சேர்ப்பவர் வேறொருவர். பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், எந்த நிரல் நூலகங்கள் தேவை, மெனுவில் எப்படித் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் அவர் முடிவு செய்கிறார். பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. உண்மையான வேலை ‘காப்பிரைட்’ என்ற பெயருள்ள ஒரு சிறிய உரைக் கோப்பில் இருக்கிறது. பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகள் யாருடையவை, எந்த உரிமத்தில் தரப்பட்டவை என்று அதில் எழுத வேண்டும். டெபியனில் புதிதாக வரும் ஒவ்வொரு பேக்கேஜையும் களஞ்சியப் பொறுப்பாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரே ஓர் ஒலிக்கோப்பின் மூலம் தெரியாவிட்டாலும் மொத்தமும் திரும்பி வரலாம்.

இத்தனை கறார் ஏன்? களஞ்சியத்தில் வைக்கும் பொருள் ஓரிடத்தில் நிற்பதில்லை. உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் அதன் நகலைத் தங்கள் சர்வர்களில் வைத்திருக்கின்றன. டெபியனிலிருந்து உபுண்டு பிறந்தது, உபுண்டுவிலிருந்து மின்ட் பிறந்தது. நம் நாட்டில் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனின் வழியில் வந்ததுதான். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதும் அதுதான். இவர்களில் யாரும் டெபியனிடமோ, உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை எழுதியவர்களிடமோ கடிதம் எழுதி அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. முதன்மைப் பிரிவில் இருக்கும் ஒவ்வொன்றையும் யாரோ ஒரு தன்னார்வலர் முன்கூட்டியே சோதித்து வைத்திருக்கிறார்.

ஒரு வணிக கேமின் உரிம ஒப்பந்தம் இதற்கு நேர் எதிரான திசையில் எழுதப்பட்டது. நீங்கள் உங்கள் கணினியில் நிறுவி விளையாடலாம். நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பிரித்துப் பார்க்கவோ திருத்தவோ கூடாது. வழங்கல்கள் நாள்தோறும் செய்யும் வேலையே நகலெடுத்துக் கொடுப்பதும், பழுதானால் திருத்துவதும்தான். விளையாடும் உரிமையை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சில நேரம் நிறுவனம் நல்ல மனதோடு இறங்கி வரும். “டெபியன் மட்டும் எங்கள் கேமை வைத்துக்கொள்ளலாம்” என்று எழுதிக் கொடுக்கும். அங்கேயும் தடங்கல். 1997-ல் டெபியன் வகுத்துக்கொண்ட கட்டற்ற (யாரும் பகிரவும் திருத்தவும் கூடிய) மென்பொருள் நெறிகளில் எட்டாவது, உரிமம் டெபியனுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது என்கிறது. முதல்முறை படிப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். தனக்குக் கிடைக்கும் சலுகையை யாராவது வேண்டாம் என்பார்களா? அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டால் டெபியனிலிருந்து எடுத்துக்கொள்ளும் உபுண்டுவும் பாஸும் தெரியாமலே உரிம மீறலில் மாட்டிக்கொள்ளும். அதனால் அப்படி வரும் கேமுக்கு அதிகபட்சம் நான்-ஃப்ரீயில் ஓர் இடம் கிடைக்கலாம். தன்னளவில் கட்டற்றதாக இருந்தும், ஓடுவதற்குக் கட்டுள்ள பொருள் தேவைப்படும் நிரல்களுக்கு ‘கான்ட்ரிப்’ என்று இன்னொரு பிரிவு. இந்த இரண்டையும் டெபியன் தன் சர்வரில் வைத்திருந்தாலும், தன் இயங்குதளத்தின் பகுதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஃபெடோராவில் இந்த இரண்டு பிரிவுகளும்கூட இல்லை.

ஒரு கேமுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்

தமிழ் சினிமாவைக் கவனிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே படம்தான், ஆடியோ உரிமை ஒருவரிடம், சாட்டிலைட் உரிமை இன்னொருவரிடம், டப்பிங் உரிமை மூன்றாமவரிடம் இருக்கும். தயாரிப்பாளரே நினைத்தாலும் படத்தை முழுசாக யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. கேமும் அப்படித்தான். கதையும் படங்களும் ஸ்டூடியோவுடையவை, பெயர் வெளியீட்டாளருடையது, இசை இசையமைப்பாளருடையது. காணொளியை ஓட்டும் பிங்க், ஒலியைக் கையாளும் எஃப்மாட், பொருள்கள் மோதி விழும் இயற்பியலைக் கணக்கிடும் ஹேவோக் போன்ற பாகங்கள் வேறு நிறுவனங்களிடம் பணம் கட்டி வாங்கியவை. அவற்றின் ஒப்பந்தங்கள் மூலநிரலை வெளியே காட்ட அனுமதிப்பதில்லை.

டூமின் மூலநிரல் வெளிவந்தபோதே இது தலைகாட்டியது. அந்த கேம் உலகை வென்றது டாஸ் இயங்குதளத்தில். வெளியிடப்பட்ட நிரலோ லினக்ஸில் ஓடும் பதிப்பினுடையது. டாஸ் பதிப்பின் ஒலிக்காக வெளியாரிடம் உரிமம் வாங்கிய நூலகம் ஒன்று உள்ளே இருந்ததால், அதை இட் சாஃப்ட்வேர் பொதுவில் வைக்க முடியவில்லை. அந்த நூலகத்தை வாங்கியதே தவறு என்று வெளியீட்டுக் குறிப்பில் டூமின் நிரலாளர் ஜான் கார்மாக் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார்.

2011-ல் டூம் 3-ன் முறை வந்தது. நூலகச் சிக்கல் தீர்ந்திருந்தாலும் இப்போது காப்புரிமை குறுக்கே நின்றது. நிழல்களை வரைய கார்மாக் தாமே கண்டுபிடித்த ஒரு முறைக்கு, கிரியேட்டிவ் நிறுவனம் ஏற்கெனவே காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. வழக்கறிஞர்கள் தயங்கினார்கள். அந்தச் சில வரிகளை மாற்றி எழுதிய பிறகே நிரல் வெளியே வந்தது. மாற்றி எழுத கார்மாக் இட் சாஃப்ட்வேரில் அப்போதும் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. எழுதியவர் விலகிப் போயிருந்தால் அந்த வேலையை யாரிடம் ஒப்படைத்திருப்பார்கள்?

ஹெரெடிக், ஹெக்ஸன் ஆகிய கேம்களின் கதை இன்னும் வருத்தமானது. இரண்டும் டூமின் நிரலை அடிப்படையாகக் கொண்டு ரேவன் நிறுவனம் செய்தவை. 1999-ல் அவற்றின் மூலநிரலும் வெளிவந்தது. ஆனால் கட்டுப்பாடுகள் நிறைந்த உரிமத்தில். அதே ஆண்டில் டூமின் நிரல் ஜி.பி.எல்.லுக்கு மாறியது. ஒரே வேரிலிருந்து வந்த நிரல்களைச் சட்டப்படி ஒன்று சேர்க்க முடியாத நிலை. 2008-ல் ரேவனின் நிரல்களும் ஜி.பி.எல்.லுக்கு வரும்வரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அப்படியே போயின. யாருக்கும் இதில் லாபம் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய உரிமத்தை மாற்ற வேண்டும் என்று அக்கறையோடு யாராவது உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

இசையின் சிக்கல் வேறு விதம். ‘ஆலன் வேக்’ கேம் 2017-ல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. உள்ளே வரும் பாடல்களின் உரிமக் காலம் முடிந்ததுதான் காரணம். உரிமம் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் திரும்பி வந்தது. ஒரு கடையால் பொருளை அலமாரியிலிருந்து எடுக்க முடியும். லினக்ஸ் களஞ்சியம் பழைய பதிப்புகளையும் பாதுகாத்து வைக்கும் இடம். உலகம் முழுக்க அதன் நகல்கள் இருக்கின்றன. காலாவதித் தேதி போட்ட உரிமம் அதற்குப் பயன்படாது.

உர்-க்வான் மாஸ்டர்ஸ்

எல்லாச் சிக்கலையும் ஒரே கேமில் பார்க்க விரும்புபவர்கள் ‘ஸ்டார் கன்ட்ரோல் 2’-ஐப் பார்க்கலாம். 1992-ல் வந்த விண்வெளிச் சாகச கேம். பால் ரீச், ஃபிரெட் ஃபோர்டு இருவரும் டாய்ஸ் ஃபார் பாப் ஸ்டூடியோவில் உருவாக்கி, அக்கோலேட் நிறுவனம் வெளியிட்டது. பேசும் வேற்றுலக உயிர்களுக்காகவும் நகைச்சுவைக்காகவும் இன்றைக்கும் கொண்டாடப்படுகிறது. 2002-ல் படைப்பாளிகள் 3டிஓ கருவிக்கான பதிப்பின் மூலநிரலை ஜி.பி.எல்.லில் ரசிகர்களிடம் கொடுத்தார்கள். ரசிகர்கள் அதை லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் கொண்டுவந்தார்கள்.

முதல் தடை பெயர். ‘ஸ்டார் கன்ட்ரோல்’ என்ற வணிகக்குறி படைப்பாளிகளிடம் இல்லை. அக்கோலேட்டை இன்ஃபோகிராம்ஸ் வாங்கி, அது அடாரி ஆனது. பெயரும் அங்கே போயிருந்தது. தாங்கள் செய்த கேமைத் தங்கள் கேமின் பெயரில் கொடுக்க முடியாமல், துணைத் தலைப்பாக இருந்த ‘உர்-க்வான் மாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். 2013-ல் அடாரியின் அமெரிக்கக் கிளை திவாலானபோது வணிகக்குறியை ஸ்டார்டாக் நிறுவனம் ஏலத்தில் வாங்கியது. 2017-ல் ஸ்டார்டாக்குக்கும் படைப்பாளிகளுக்கும் இடையே வழக்கு மூண்டு, 2019-ல் சமரசம் ஆனது. அந்த வழக்கு நடந்த நாட்களிலும் லினக்ஸ் களஞ்சியங்களில் இந்த கேம் அசையாமல் இருந்தது. பெயர் விஷயத்தில் 2002-லேயே காட்டிய எச்சரிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அடுத்த தடை உள்ளடக்கம். படம், வசனம், குரல், இசை எல்லாம் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளன. அதனால் டெபியனில் இயக்கும் நிரல் கான்ட்ரிப்பிலும் உள்ளடக்கம் நான்-ஃப்ரீயிலும் பிரிந்து கிடக்கின்றன.

‘வணிகமற்ற’ என்ற நிபந்தனை நியாயமாகத்தான் தோன்றும். எழுதியவர் இலவசமாகக் கொடுத்ததை இன்னொருவர் விற்றுக் காசு பார்ப்பதை யார் விரும்புவார்கள்? ஆனால் எது வணிகம் என்பதற்கு எல்லை எங்கே? இந்தியாவில் ‘லினக்ஸ் ஃபார் யூ’ மாத இதழ் குறுந்தகடோடு வந்துகொண்டிருந்தது. இதழுக்கு விலை உண்டு. அந்தத் தகட்டில் இந்த கேமைப் போட்டால் அது வணிகமா? லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியை விற்கும் கடைக்காரர்? தகட்டின் அடக்க விலையை மட்டும் வாங்கும் கல்லூரி லினக்ஸ் மன்றம்? இவர்கள் ஒவ்வொருவரும் வழக்கறிஞரைத் தேடிப் போகக் கூடாது என்பதற்காகத்தான், தொகுப்பின் ஒரு பகுதியாக விற்பதை உரிமம் தடுக்கக் கூடாது என்று டெபியனின் முதல் நெறியே சொல்கிறது. படைப்பாளிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஒரு வார்த்தை, அவர்கள் போய்ச் சேர விரும்பிய வாசல்களில் பலவற்றை அடைத்துவிட்டது.

நிறுவனங்களின் பயம் கற்பனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2010 மே மாதம் வந்த, சிறிய ஸ்டூடியோக்களின் கேம்களை ஒன்றாகச் சேர்த்து விற்ற முதல் ஹம்பிள் இண்டி பண்டிலின் வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும், வாக்களித்தபடி நான்கு கேம்களின் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதில் வுல்ஃபயர் ஸ்டூடியோவின் ‘லுகாரு’ ஒன்று. நிரல் மட்டும் ஜி.பி.எல்.; படங்களும் ஒலிகளும் அல்ல. மறு ஆண்டே ஆப்பிளின் மேக் கடையில் வேறு யாரோ அதே கேமை அதே பெயரில் 1.99 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். வுல்ஃபயர் விற்ற விலை 9.99 டாலர். நம்பிக் கொடுத்த சிறிய ஸ்டூடியோவுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் அவர்கள் பின்வாங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் படங்களையும் ஒலிகளையும்கூட கட்டற்ற உரிமத்தில் விட்டார்கள். முழு கேமும் களஞ்சியங்களுக்குள் வர அப்போதுதான் வழி பிறந்தது.

சுற்றுவழிகள்

உரிமம் கிடைக்காத கேம்களுக்குத் தன்னார்வலர்கள் கண்ட வழிகள் அழகானவை. டெபியனில் ‘கேம் டேட்டா பேக்கேஜர்’ என்று ஒரு கருவி உண்டு. உங்களிடம் உள்ள பழைய குவேக் கேம் தகட்டை அல்லது காசு கொடுத்து இறக்கிய டூம் கோப்பை அதனிடம் காட்டினால், உங்கள் கணினியிலேயே முறையான பேக்கேஜ் ஒன்றைச் செய்து தரும். யாரும் யாருக்கும் எதையும் விநியோகிக்கவில்லை, உரிமம் மீறப்படவில்லை. ஆர்ச் பயனர்களின் களஞ்சியத்தில் இருப்பது செய்முறைக் குறிப்பு மட்டும். பொருளை நீங்களே அசல் இடத்திலிருந்து எடுக்கிறீர்கள். ஜென்டூவில், தானாக இறக்கக் கூடாது என்று குறிக்கப்பட்ட கேம்களின் கோப்பை நீங்களே போய் வாங்கி வைக்க வேண்டும். ஃபிளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியத்திலும் மறுவிநியோகம் செய்ய முடியாத கோப்புகள் நிறுவும் நேரத்தில் உரியவரின் சர்வரிலிருந்து பயனரின் கணினிக்கு நேரே இறங்கும்.

இவற்றையெல்லாம்விட என்னை அசர வைப்பது ஃப்ரீடூம். டூமின் நிரல் கட்டற்றது, படங்கள் அப்படி அல்ல. அப்படியானால் படங்களையும் ஒலிகளையும் நிலைகளையும் ஒன்றுவிடாமல் புதிதாக நாமே செய்வோம் என்று 2001-ல் தொடங்கினார்கள். தன்னார்வ ஓவியர்களும் இசைஞர்களும் வரைபடக்காரர்களும் ஆண்டுக்கணக்காக உழைத்தார்கள். அந்த உழைப்பு இருப்பதால்தான் சாக்லேட் டூம் போன்ற நிரல்கள் கான்ட்ரிப்புக்குப் போகாமல் முதன்மைப் பிரிவிலேயே இருக்க முடிகிறது.

லோகி விட்டுச் சென்றது

1998-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர், பிற நிறுவனங்களின் வணிக கேம்களை லினக்ஸுக்கு மாற்றி விற்றது. ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ அதன் முதல் வெளியீடு. குவேக் 3-ஐத் தகரப் பெட்டியில் போட்டு விற்றார்கள். வியாபாரம் நிலைக்கவில்லை, 2001-ல் திவால் மனு, 2002 ஜனவரியில் கதவடைப்பு.

லோகியின் கேம்களை இன்றைய லினக்ஸில் ஓட்டிப் பார்க்க முயல்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. அந்தக் காலத்து நூலகங்களைத் தேடிப் பிடித்து, பழைய கணினியின் சூழலைப் போலியாக அமைத்துத் தர வேண்டியிருக்கிறது. புதிய நூலகங்களோடு மறுபடி தொகுத்தால் பல சிக்கல்கள் தீரும். மூலநிரல் யாரிடம் இருக்கிறது? இருந்தாலும் தொட யாருக்கு உரிமை? லோகிக்கு இருந்தது மாற்றி விற்கும் உரிமம்தான். கேமின் சொந்தக்காரர்கள் வேறு. காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் தகடு இருக்கிறது, அதைப் பழுதுபார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை.

அதே லோகியில் வேலை பார்த்த சாம் லாண்டிங்கா உருவாக்கிய எஸ்.டி.எல். நூலகம் கட்டற்ற உரிமத்தில் இருந்தது. நிறுவனம் மூடிய மறுநாளும் அது வளர்ந்தது. 2013-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, வணிக கேம்களும் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று இன்னும் தளர்வான ஸிலிப் உரிமத்துக்கு மாற்றினார்கள். லினக்ஸில் ஓடும் எண்ணற்ற கேம்கள் இன்று அதன் மேல்தான் நிற்கின்றன. ஒரே அலுவலகத்தில், ஒரே ஆண்டுகளில் வளர்ந்த இரண்டு வகை நிரல்களில் ஒன்று உறைந்து கிடக்கிறது, மற்றொன்று உலகம் முழுக்க ஓடுகிறது. உரிமத்தாளில் இருந்த வேறுபாடு அதைச் செய்தது.

ஸ்டீம் வந்த பிறகு

2013 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் தன் இணைய கேம் கடையான ஸ்டீமின் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. வழங்கல்கள் ஸ்டீமின் நிறுவியைத் தங்கள் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ள முறையான அனுமதியும் கொடுத்தது. 2014-ல் டெபியன் உருவாக்குநர்கள் அனைவருக்கும் தன் கேம்களை இலவசமாக வழங்கி நன்றி சொன்னது. 2018-ல் வந்த புரோட்டான், விண்டோஸ் கேம்களையே லினக்ஸில் ஓடவைத்தது. 2022-ல் ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டிய ஸ்டீம் டெக் கருவி கடைக்கு வந்தது. லினக்ஸில் விளையாடுவோருக்கு இது பொற்காலம், மறுக்க மாட்டேன்.

பேக்கேஜ் உரிமக் கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. களஞ்சியத்தில் இருப்பது சிறிய நிறுவி. கேம் வருவது வால்வின் சர்வரிலிருந்து, உங்கள் கணக்கின் பெயரில். நீங்கள் வாங்குவது கேமை அல்ல, உரிமத்தை என்று 2024 இறுதியிலிருந்து ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் எழுதுகிறது; டிஜிட்டல் கடைகள் இதை மறைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் இயற்றியதை ஒட்டி வந்த அறிவிப்பு அது. கடை இருக்கும்வரை கவலை இல்லை. லோகி இருந்தவரையும் கவலை இல்லாமல்தான் இருந்தது.

நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய தியாகம் இல்லை. இசையமைப்பாளரோடு கையெழுத்திடும் நாளிலேயே, விற்பனை முடிந்த பிறகு மறுவிநியோகம் செய்யலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். வெளியாரின் நூலகங்களைத் தனி உறையில் வைத்து எழுதினால், நாளை அவற்றைக் கழற்றிவிட்டு மீதியைக் கொடுக்கலாம். பத்தாண்டு கழித்து, ஆட்கள் பிரிந்து, நிறுவனம் இரண்டு முறை கைமாறிய பிறகு இதைச் செய்ய நினைத்தால், யாரிடம் கேட்பது என்பதைக் கண்டுபிடிக்கவே ஆண்டுகள் ஓடும்.

செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர், 1994-ல் தான் விற்ற ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ கேமை 2003-ல் இலவசமாக விட்டது. கூடவே கொடுத்த உரிமம் சில பத்திகள்தான்: நகலெடுக்கலாம், பெரிய தொகுப்பில் சேர்த்துக் கொடுக்கலாம், இந்த கேமை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. டெபியன் அதை நான்-ஃப்ரீயில் தள்ளவில்லை. முதன்மைப் பிரிவிலேயே ஏற்றுக்கொண்டது. 2020-ல் ரெவல்யூஷன் அந்தக் கதையின் தொடர்ச்சியான ‘பியாண்ட் எ ஸ்டீல் ஸ்கை’யை வழக்கம்போல் விலை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.